முதிய பூனையும் மூன்று மணிக் கணக்கும்

பூனை வளர்ப்போரைக் குழப்பும் புதிர் ஒன்று உண்டு. குட்டிப் பருவத்தில் யாரும் பெரிதாகப் பழக்காமலே, மணல் நிரப்பிய பெட்டியில் சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொண்டு, அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாத பூனை, முதுமையில் திடீரென்று கால்மிதியிலும் மெத்தையிலும் குளியலறை வாசலிலும் சிறுநீர் கழிக்கத் தொடங்குவது ஏன்? வீட்டார் தமக்குள் சொல்லிக்கொள்ளும் விடைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியவர்கள் மீதோ, புதிதாக வந்த குழந்தையின் மீதோ பூனைக்குக் கோபம் என்பது ஒன்று. வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் என்பது மற்றொன்று. முதல் விடை பூனைக்கு இல்லாத வஞ்சத்தை அதன் மேல் ஏற்றுகிறது. இரண்டாவது, விடைபோலத் தோன்றினாலும் உண்மையில் கேள்வியைக் கைவிடுவதே ஆகும். வயது என்பது ஒரு நோயின் பெயரன்று. வயதில் எந்த உறுப்பு, எவ்வளவு, எப்படி மாறியது என்று கேட்டால்தான் கால்மிதியின் ஈரத்துக்குப் பொருள் விளங்கும்.

தோண்டி மூடும் மரபு

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்பது 2007-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வில் உறுதியானது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்திருப்பதால், இந்த உறவு உழவுத் தொழிலின் தொடக்ககாலத்துக்கே செல்கிறது என்பதும் தெரிகிறது. வறண்ட நிலத்தில் வாழ்ந்த அந்த விலங்கிடமிருந்து இன்றைய பூனைக்கு வந்த சொத்துகள் பல. அவற்றுள் இரண்டு இங்கே முதன்மையானவை: நெகிழ்ந்த மண்ணைத் தோண்டிக் கழித்து மூடும் இயல்பு, சிறுநீரை மிக அடர்த்தியாக்கி உடலின் நீரைச் சேமிக்கும் சிறுநீரகம். முதலாவது இருப்பதால்தான் பூனைக்குக் கழிப்பிடம் பழக்குவது எளிதாகிறது. இரண்டாவது தளர்வதால்தான், பின்னர் விளங்கவிருப்பதுபோல், அந்தப் பழக்கம் முறிகிறது.

கொல்லையும் தோட்டமும் உள்ள வீட்டுப் பூனைக்குப் பெட்டியே தேவைப்படுவதில்லை. சுவர் ஏறிக் குதித்து மண்ணைத் தேடிக்கொள்ளும். வீட்டுக்குள் வாழும் பூனைக்கு மேலைநாடுகளில் சாம்பலும் மணலும் வைக்கப்பட்டன. 1947-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காகத் தொழிற்கூடங்களுக்கு விற்கப்பட்ட களிமண் குருணையைப் பூனைக்கென்று பையில் கட்டி விற்கத் தொடங்கியபோது, இன்று கடைகளில் ‘லிட்டர்’ என்று கேட்டு வாங்கப்படும் பொருள் பிறந்தது. ஈரம் பட்டதும் கட்டியாக இறுகும் பெண்டோனைட் களிமண் வகை 1980-களில்தான் சந்தைக்கு வந்தது. இந்த அத்தியாயத்தில் அந்தக் குருணை ‘மணல்’ என்றும், அது நிரப்பிய கலம் ‘மணற்பெட்டி’ என்றும், ஈரம் பட்டு இறுகியது ‘ஈரக்கட்டி’ என்றும் குறிக்கப்படுகின்றன. ஈரக்கட்டி வெறும் கழிவன்று. எண்ணத் தெரிந்தவருக்கு அது ஓர் அளவுகோலும்கூட.

பெட்டிக்குப் போவதும் ஒரு வேலை

மணற்பெட்டியைப் பயன்படுத்துவது மனிதக் கண்ணுக்கு ஒரே செயலாகத் தெரிந்தாலும், பூனையின் உடலுக்கு அது பல செயல்களின் தொடர். உந்துதலை உணர வேண்டும். தூக்கத்திலிருந்து எழ வேண்டும். பெட்டி எங்கே என்று நினைவுகொண்டு, இருட்டோ வெளிச்சமோ, வழியில் மற்றொரு பூனையோ நாயோ மறிக்காமல் அங்கே சென்றடைய வேண்டும். அதுவரை சிறுநீரை அடக்க வேண்டும். பெட்டியின் சுவரைத் தாண்ட வேண்டும். அசையும் மணலின் மேல் நிலைகொண்டு, முன்காலால் தோண்டி, பின்கால்களை மடக்கிக் குந்தி, கழித்து, திரும்பி மூடி, மறுபடியும் சுவரைத் தாண்டி வெளியேற வேண்டும். இளம் பூனைக்கு இத்தொடரில் எந்தக் கண்ணியும் பாரமில்லை. முதுமையில் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் கனக்கிறது. ஒன்று மட்டும் கனத்தால் பூனை சமாளித்துவிடுகிறது. மூன்று நான்கு சேர்ந்து கனக்கும் நாளில், பக்கத்திலேயே கிடக்கும் கால்மிதி, தாண்டச் சுவரில்லாத, மறிப்பாரில்லாத, உறிஞ்சும் இயல்புடைய ஒரு கழிப்பிடமாகத் தெரியத் தொடங்குகிறது.

மாற்றம் திடீரென்று நிகழ்ந்ததுபோல வீட்டாருக்குத் தோன்றுவதற்குக் காரணமும் இதுவே. உடலின் தளர்ச்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்ந்தது. கால்மிதி நனைந்தது மட்டும்தான் ஒரே நாளில் நிகழ்ந்தது.

பழுதான சிறுநீரகம் ஏன் அதிகம் சுரக்கிறது?

பத்து வயதைக் கடந்த பூனைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நாட்பட்ட சிறுநீரகத் தளர்ச்சி காணப்படுவதாகக் கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. சிறுநீரகம் கெட்டால் சிறுநீர் குறையும் என்பதே பொதுவான எண்ணம் என்பதால், இந்நோயின் தொடக்கத்தில் சிறுநீர் பெருகுவது பலருக்கு முரணாகத் தோன்றும்.

ஒவ்வொரு சிறுநீரகமும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகுழல்களால் ஆனது. மனிதச் சிறுநீரகம் ஒன்றில் அவை ஏறத்தாழ பத்து லட்சம், பூனையிடம் சுமார் இரண்டு லட்சம். குருதியை வடிகட்டிக் கிடைக்கும் திரவத்திலிருந்து தேவையான நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வது இக்குழல்களின் பெரும்பணி. குழல்கள் ஒவ்வொன்றாக அழியும்போது, எஞ்சியவை ஒவ்வொன்றின் வழியாகவும் முன்னிலும் அதிகத் திரவம், முன்னிலும் வேகமாகப் பாய்கிறது. வாய்க்காலில் நிதானமாகச் செல்லும் நீரைக் கரை குடிக்கும். வெள்ளமாகப் பாய்ந்தால் குடிக்க நேரமின்றி வழிந்தோடிவிடும். அதேபோல், எஞ்சிய குழல்கள் நீரைத் திரும்ப எடுக்க அவகாசமின்றி, வெளிறிய, நீர்த்த சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகின்றன. இழந்த நீரை ஈடுசெய்யப் பூனை அதிகம் குடிக்கிறது. குடிப்பதால் கழிக்கவில்லை, கழிப்பதால் குடிக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைப்பவர்கள் உண்டு. முதிய பூனைக்கு ஒரு வீடு செய்யக்கூடிய தீங்குகளில் இதற்கு முதலிடம் தர வேண்டும், ஏனெனில் நீரைச் சேமிக்க முடியாத உடலிலிருந்து நீரின் வரவையும் பறித்தால், எஞ்சிய குழல்களும் விரைவில் அழியும்.

நெஃப்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகே சிறுநீர் நீர்க்கத் தொடங்கும் என்பதும், குருதியில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயர்வதற்கு நான்கில் மூன்று பங்கு இழக்க வேண்டும் என்பதும் மருத்துவர் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்குகள். எனவே, வீட்டில் தெரியும் முதல் அறிகுறி, ஆய்வகத்தின் வழக்கமான எண்ணுக்கு முந்திக்கொள்வதும் உண்டு. நீரிழிவும் தைராய்டு மிகைச்சுரப்பும் இதே பெருக்கத்தை வேறு வழிகளில் உண்டாக்கும்: முன்னதில் குருதியில் மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகையில் நீரையும் இழுத்துச் செல்கிறது; பின்னதில், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போகும் பூனை, அமைதியின்றித் திரிந்து, அதிகம் குடித்து, அதிகம் கழிக்கிறது.

இரவு மூன்று மணி: ஒரு கணக்கு

மேற்சொன்னதெல்லாம் ஒரு வீட்டில் எப்படிக் கால்மிதியாக முடிகிறது என்பதைக் காண, கற்பனையான ஒரு பூனையை எடுத்துக்கொள்ளலாம். அதன் வயது 13. மனிதக் கணக்கில் ஏறத்தாழ 68. எடை 4 கிலோ. வாழ்வது ஓர் அடுக்ககத்தில். மணற்பெட்டி இருப்பது சமையலறையை ஒட்டிய யுடிலிட்டியில். கரப்பான் வராமலிருக்க இரவு 10 மணிக்குச் சமையலறைக் கதவைச் சாத்தி, காலை 6 மணிக்குத் திறப்பது அவ்வீட்டின் பத்தாண்டு வழக்கம்.

நலமான பூனை நாளொன்றுக்குக் கழிக்கும் சிறுநீர், உடலெடையில் கிலோவுக்கு 20 மில்லி லிட்டர் என்று கொண்டால், இப்பூனை நடுவயதில் நாளுக்கு 80 மில்லி கழித்திருக்கும். ஒரு முறைக்கு 40 மில்லி சேர்ந்ததும் உந்துதல் எழுவதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு முறை, அதாவது 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவு 10 மணிக்குப் பெட்டிக்குப் போய்வந்த பூனைக்கு மறுநாள் காலை 10 மணி வரை தேவை எழாது. எட்டு மணி நேரம் கதவு மூடிக்கிடந்ததைப் பத்தாண்டுகளாக அது அறிந்திருக்கவே தேவையில்லை.

இப்போது சிறுநீரகம் தளர்ந்து, கிலோவுக்கு 50 மில்லி என்ற அளவுக்குச் சுரப்பு உயர்ந்துவிட்டது. மருத்துவர் ‘மிகைச் சிறுநீர்’ என்று சொல்லத் தொடங்கும் எல்லை இதுவே. நாளுக்கு 200 மில்லி. சிறுநீர்ப்பையின் கொள்ளளவு மாறவில்லை என்றால், நாளுக்கு ஐந்து முறை, அதாவது 4 மணி 48 நிமிடத்துக்கு ஒரு முறை. இரவு 10 மணியிலிருந்து எண்ணினால் அடுத்த உந்துதல் எழும் நேரம் 2 மணி 48 நிமிடம். மூன்று மணிக்குச் சற்று முன்னதாகப் பூனை எழுகிறது, சமையலறைக் கதவு வரை நடக்கிறது, கத்திப் பார்க்கிறது, கதவு திறக்கவில்லை. கதவின் முன்னால் விரித்த கால்மிதி இருக்கிறது. காலையில் அங்கே காபி டம்ளரில் கால்வாசி அளவு ஈரம் இருக்கும். அடுத்த முறை 7 மணி 36 நிமிடத்துக்குத்தான் என்பதால், அதற்குள் கதவு திறக்கப்பட்டு, பூனை ஒழுங்காகப் பெட்டிக்கே போகும். பகலெல்லாம் பெட்டியைப் பயன்படுத்தும் பூனை இரவில் மட்டும் கால்மிதியை நனைக்கிறதே, இது வேண்டுமென்று செய்வதுதானே என்று வீட்டார் முடிவுகட்டுவது இப்படித்தான்.

உண்மையில் சுரப்பு இவ்வளவு சீராக நிகழ்வதில்லை. ஈர உணவா உலர் உணவா என்பதையும், கோடையா மழைக்காலமா என்பதையும் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஆயினும் கணக்கின் சாரம் மாறாது: கதவோ பெட்டியோ வழக்கமோ மாறாதபோதும், பூனையின் இடைவெளி பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஐந்துக்குள் சுருங்கியதால், ஒரு பொருட்டாகவே இல்லாத கதவு பொருட்டாகிவிட்டது.

இதே கணக்கை மணலுக்கும் நீட்டலாம். நாளுக்கு ஒரு முறை அள்ளிச் சுத்தம் செய்யும் வழக்கத்தை வீட்டார் மாற்றவில்லை. முன்பு மாலையில் பெட்டியில் ஓரிரு ஈரக்கட்டிகள் கிடந்த இடத்தில் இப்போது நான்கு ஐந்து கிடக்கின்றன. வேலையில் குறை வைக்காமலே பெட்டி இரண்டரை மடங்கு அழுக்காகிவிட்டது. மலம் கழிக்கும் ஒரு முறையையும் சேர்த்தால், பெட்டிக்குச் செல்லும் பயணங்கள் நாளுக்கு மூன்றிலிருந்து ஆறாகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சுவரை இரு முறை தாண்ட வேண்டும் என்பதால், ஆறு தாண்டல்கள் பன்னிரண்டாகின்றன. சுவரின் உயரம் 20 சென்டிமீட்டர். பூனையின் தோள் உயரமோ சுமார் 25 சென்டிமீட்டர். அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் கழிப்பறைக்குள் போகவும் வரவும் மார்பளவுச் சுவரை நாளுக்குப் பன்னிரண்டு முறை ஏறிக் கடக்க வேண்டியிருந்தால், அவரும் வேறிடம் தேடுவார்.

நொண்டாத மூட்டுவலி

அந்தப் பன்னிரண்டு தாண்டல்களும் எந்தக் கால்களால் செய்யப்படுகின்றன என்பது அடுத்த கேள்வி. 2002-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹார்டியும் உடன் பணியாற்றியோரும் 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 90 பூனைகளின் படங்களில் மூட்டுச் சிதைவின் அடையாளங்கள் இருந்தன. மூட்டுத் தேய்வு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு இறுகி நோவது, முதிய பூனையிடம் விதிவிலக்கன்று. விதி என்றே சொல்லலாம். படத்தில் தெரிவதெல்லாம் வலிப்பதில்லை என்பதும், வலிப்பதெல்லாம் படத்தில் தெரிவதில்லை என்பதும் உண்மையே என்றாலும், இந்த எண்ணிக்கை அலட்சியப்படுத்தக்கூடியதன்று.

இவ்வளவு பரவலான வலி கண்ணில் படாததற்குக் காரணம், பூனை நொண்டுவதில்லை. தேய்வு பெரும்பாலும் இடம், வலம் இரு பக்கமும் ஒருசேர நிகழ்வதால், சாய்ந்துகொள்ள நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை. தவிர, தனித்து வேட்டையாடி வாழும் சிறிய விலங்கு வலியை வெளிக்காட்டாமலிருப்பதில்தான் அதன் பாதுகாப்பு இருந்துவந்துள்ளது. ஆகவே வலி நடையில் தெரியாமல் பழக்கங்களில் தெரிகிறது: அலமாரியின் உச்சியில் படுத்த பூனை நாற்காலியோடு நின்றுவிடும், குதிக்குமுன் ஒரு கணம் தயங்கி அளக்கும், முதுகின் பின்பகுதி நாவுக்கு எட்டாமல் அங்கே மயிர் சிக்குப்பிடிக்கும், கூர்தீட்டப்படாத நகங்கள் தடித்து, நடக்கும்போது தரையில் ‘டக் டக்’ என்று கேட்கும்.

மணற்பெட்டிக்குள் வலி இன்னொரு வேடம் போடுகிறது. தோண்டுவது முழங்கையையும் தோளையும், குந்துவது இடுப்பையும் முழங்காலையும் சோதிக்கும் செயல்கள். இடுப்பை மடக்க முடியாத பூனை, நான்கு கால்களும் பெட்டிக்குள் இருக்க, பாதி நின்ற நிலையிலேயே கழிக்கிறது. சிறுநீர் சுவருக்கு மேலாகத் தெறித்து வெளியே விழுகிறது. பெட்டிக்கு வெளியே ஈரத்தைக் கண்ட வீட்டார், பூனை பெட்டியை விட்டுவிட்டது என்று சொல்லும்போது, பூனையோ தன் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்து மணலை மூடிக்கொண்டிருக்கும். இதை ஆண்பூனை நின்றபடி வாலை நடுக்கிச் சுவரில் பீய்ச்சி எல்லை குறிக்கும் செயலோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. பீய்ச்சல் சிறிதளவாகச் செங்குத்துப் பரப்பில் இருக்கும், தெறிப்பு பெட்டியை ஒட்டித் தரையில் தேங்கும்.

பெட்டியே வலியின் அடையாளமாகும்போது

உடலின் தளர்ச்சி மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. சிறுநீர்ப்பை அழற்சி கண்ட பூனை, குணமடைந்த பின்னரும் பெட்டியை ஒதுக்குவது உண்டு. மலச்சிக்கலால் முக்கி வலித்த பூனை, சிறுநீருக்கு மட்டும் பெட்டியையும் மலத்துக்குக் கூடத்தின் மூலையையும் பயன்படுத்துவது உண்டு. வலி சிறுநீர்ப்பையிலோ பெருங்குடலிலோ எழுந்தாலும், அது எழுந்த இடமாகப் பூனையின் நினைவில் பதிவது பெட்டிதான். ஓர் இடத்தையோ பொருளையோ துன்பத்தோடு இணைத்துக்கொண்டு பின்பு அதைத் தவிர்ப்பதை ‘வெறுப்புக் கற்றல்’ எனலாம். இதன் மறுபக்கமும் உண்டு: வலியின்றி ஒருமுறை கழித்த மெத்தை, நல்ல இடமாக மனத்தில் நிற்கும். நோயைக் குணப்படுத்திய பிறகும் பழக்கம் தொடர்வதற்கு இந்த இரட்டைக் கற்றலே காரணமாகலாம். ‘மருந்து கொடுத்தும் திருந்தவில்லை, ஆகவே நோய் காரணமில்லை’ என்னும் முடிவு இதனால்தான் அவசர முடிவாகிறது.

அழற்சி இளம் பூனைகளிடம் பெரும்பாலும் மன அழுத்தத்தோடு தொடர்புடையதாக, கிருமி ஏதும் இல்லாமலே வரும். முதிய பூனையிடம் நிலைமை வேறு, ஏனெனில் நீர்த்த சிறுநீர் பாக்டீரியாவைத் தடுக்கும் வலுவை இழந்திருப்பதால் உண்மையான கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. அறிதிறன் குறைவும் இவ்வயதில் உண்டு. 15 வயதுக்கு மேல் பாதிக்கு மேற்பட்ட பூனைகளில் அதன் ஏதேனும் ஓர் அறிகுறியை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அறைமூலையில் நின்று சுவரைப் பார்த்தபடி நள்ளிரவில் ஓலமிடும் பூனை, பெட்டி இருக்கும் திசையையே மறந்திருக்கலாம். எனினும் மறதி என்று முத்திரை குத்துவதற்கு முன் மற்றவை எல்லாம் விலக்கப்பட வேண்டும். குருதியழுத்தம் உயர்ந்து விழித்திரை பெயர்ந்து, ஓரிரு நாளில் பார்வை இழந்த பூனையும் அதேபோலத்தான் சுவரில் முட்டி நிற்கும்.

ஈரம் சொல்லும் செய்தி

மருத்துவரிடம் செல்லும் முன் வீட்டார் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஒரு வாரம் குறிப்பெழுதுவது. எங்கே, எப்போது, எவ்வளவு, சிறுநீரா மலமா, பெட்டிக்குள் எத்தனை ஈரக்கட்டிகள், அவை எலுமிச்சை அளவா நெல்லிக்காய் அளவா என்பவை போதும். பெரிய, வெளிறிய, பல ஈரங்கள் சிறுநீரகம், நீரிழிவு, தைராய்டு ஆகியவற்றின் பக்கம் சுட்டும். சொட்டுச் சொட்டாகப் பல இடங்களில், சில வேளை இளஞ்சிவப்பாக இருப்பவை சிறுநீர்ப்பையை. பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் என்றால் சுவரின் உயரத்தையோ மணலின் நிலையையோ. இரவில் மட்டும் என்றால் மூடிய கதவையோ இருட்டையோ.

ஒரு நிலைமைக்கு மட்டும் குறிப்பேடு கூடாது. ஆண்பூனை திரும்பத் திரும்பக் குந்தி முக்கியும் சிறுநீர் வராமலிருந்தால், அதன் குறுகிய சிறுநீர்வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். வெளியேற வேண்டிய பொட்டாசியம் குருதியில் தேங்கி இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், விடியும்வரை காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மருத்துவரின் முதற்கருவி வியக்கத்தக்க அளவு எளியது: ஒரு சொட்டுச் சிறுநீர் வழியே ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டும் சிறு குழாய். தூய நீரை 1.000 எனக் கொண்ட அளவில் நலமான பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேல் நிற்கும். தளர்ந்த சிறுநீரகம் தருவது 1.010-ஐ ஒட்டி இறங்கிவிடும். இதனோடு சர்க்கரைப் பட்டை, கிருமி வளர்ப்பு, குருதியில் கிரியாட்டினினும் தைராய்டு இயக்குநீரும், குருதியழுத்தம், மூட்டுகளைக் கையால் மடக்கிப் பார்த்தல் ஆகியவை சேர்ந்தால் படம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். மூட்டுவலிக்கு இன்று வழிகள் உள்ளன: வலியைக் கடத்தும் புரதம் ஒன்றைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ஊசி, ஃப்ரூனெவெட்மாப் என்ற பெயரில், 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. விலங்குகளுக்கென அவ்வமைப்பு ஒப்புதல் தந்த முதல் ஒற்றைக்குல எதிர்ப்பொருள் மருந்து அதுவே. வழக்கமான வலிநீக்கிகள் சிறுநீரகத்தைச் சுமைப்படுத்தக்கூடியவை என்பதால், மூட்டும் சிறுநீரகமும் ஒருங்கே தளர்ந்த பூனைக்கு எதை, எவ்வளவு தருவது என்பது மருத்துவர் நிதானமாக எடைபோட வேண்டிய ஒன்று.

பெட்டியைப் பூனையிடம் கொண்டுவருதல்

மருந்து வேலை செய்யும் வேகத்தைவிட வீட்டை மாற்றும் வேகம் கூடுதலாக இருக்க முடியும். மேலே கண்ட பூனைக்குச் செய்யத்தக்கவை அதன் கணக்கிலிருந்தே வருகின்றன. மூன்று மணி உந்துதலுக்கு விடை, பூனை தூங்கும் கூடத்திலேயே இரண்டாவது பெட்டி. யுடிலிட்டிப் பெட்டியை எடுத்துவிடாமல், கூடுதலாக. பன்னிரண்டு தாண்டல்களுக்கு விடை, தாழ்ந்த வாசல்: கடையில் விற்கும் பெட்டியைத் தேடி அலைவதைவிட, துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தை ஐந்து சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டி, வெட்டிய விளிம்பை வழவழப்பாக்கினால், முன்னால் தாழ்ந்தும் மற்ற மூன்று பக்கம் உயர்ந்தும், நின்றபடி கழித்தாலும் தெறிக்காத பெட்டி கிடைக்கும். நீளம், மூக்கிலிருந்து வாலின் அடி வரையுள்ள அளவில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. 45 சென்டிமீட்டர் பூனைக்கு அது ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். கடைப்பெட்டிகளில் பல இதைவிடச் சிறியவை.

மணல் நுண்ணியதாக, வாசனை சேர்க்காததாக இருப்பதையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. பூ மணம் வீட்டாரின் மூக்குக்காகச் சேர்க்கப்படுவது. மணலின் ஆழம் மூன்று நான்கு சென்டிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் கடற்கரை மணலில் முதியவர் நடப்பதுபோல் பாதம் புதைந்து தடுமாறும். அள்ளுவது நாளுக்கு இரு முறை. பெட்டியருகே மங்கலான இரவு விளக்கு ஒன்று; பெட்டிக்குச் செல்லும் வழியில் வழுக்கும் டைல்ஸ் தரை என்றால் அதன் மேல் ரப்பர் விரிப்பு. வீட்டில் பூனைகள் பல என்றால், பூனைக்கு ஒன்று வீதமும் மேலும் ஒன்றும் வெவ்வேறு இடங்களில் வேண்டும், ஏனெனில் வரிசையாக அடுக்கிய நான்கு பெட்டிகள், வாசலில் படுத்து மறிக்கும் இளம் பூனைக்கு ஒரே பெட்டிதான்.

அதட்டுவதும் ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பதும் இப்பட்டியலில் இல்லாதது தற்செயலன்று. தண்டனையைப் பூனை ஐந்து மணி நேரத்துக்கு முந்தைய செயலோடு இணைத்துக்கொள்வதில்லை. தண்டித்தவரோடு இணைத்துக்கொண்டு, அடுத்த முறை கட்டிலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கழிக்கிறது.

பினாயிலும் மாத்திரையும்

நனைந்த இடத்தின் வாசம் நீங்காவிட்டால் மேற்சொன்ன ஏற்பாடுகள் பாதி வீணாகும். பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்ற தனிச்சிறப்பான அமினோ அமிலம் உள்ளது. வெளியேறும்போது மணமற்ற அது, மெல்லச் சிதைந்து கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறுவதால்தான் வாடை நேரம் செல்லச் செல்லக் கூடுகிறது. யூரியாவைப் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றுவதும் உடன் நிகழ்கிறது; அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் பூனையின் மூக்குக்கு அது இன்னொரு கழிப்பிட விளம்பரமாகும். நொதி கலந்த சலவைத் தூளை வெதுவெதுப்பான நீரில் பத்துக்கு ஒன்று வீதம் கரைத்துத் துடைத்து, நீரால் அலசி, உலர்ந்தபின் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் துடைப்பது எளிய முறை; சாயம் போகுமா என்று துணியின் ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வீடுகளில் கை முதலில் போவது பினாயிலுக்கு. இங்கேதான் எச்சரிக்கை தேவை. கறுப்புப் பினாயிலிலும், தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளிலும் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் பூனைக்கு நஞ்சு. தரையில் நடந்து, பாதத்தை நக்கும் விலங்கு அவற்றை உட்கொண்டுவிடும். மனித ஈரல் இத்தகைய பொருள்களை ஒரு சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றுகிறது. அதற்குரிய நொதியின் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது. தாவர நஞ்சுகளோடு அதிகம் பழக நேராத இறைச்சியுண்ணிப் பரம்பரையில் அந்த மரபணு பழுதடைந்தும் இழப்பு உணரப்படாமல் போனது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். சிங்கத்துக்கும் இதே குறைதான். ஆனால் சிங்கம் வாழும் இடத்தை யாரும் பினாயில் போட்டுத் துடைப்பதில்லை. அந்த ஒரே குறையால் பாராசிட்டமாலும் பூனைக்கு உயிர்க்கொல்லி ஆகிறது. மூட்டுவலியில் தவிக்கும் பூனைமீது இரக்கப்பட்டு வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து அரை மாத்திரை தருபவர், அதன் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் திறனையே பறித்துவிடுகிறார்.

கால்மிதி திரும்பும்போது

கணக்கில் கண்ட பூனையின் வீட்டில் இப்போது கூடத்தின் மூலையில் தாழ்வாசல் பெட்டி இருக்கிறது. சமையலறைக் கதவின் முன் கிடந்த கால்மிதி துவைக்கப்பட்டு, சில வாரங்களுக்குப் பரண்மேல் போடப்படுகிறது. பூனை புதிய பெட்டியை இரவும் பகலும் பயன்படுத்துவது நிலைப்பட்ட பிறகே அது கீழே இறங்க வேண்டும், இறங்கும்போதும் அதன் மேல் பூனையின் உணவுத் தட்டை வைப்பது நல்லது, ஏனெனில் உண்ணும் இடத்தில் பூனை கழிப்பது அரிது. ஈரக்கட்டிகளை எண்ணும் பழக்கம் அதன்பிறகும் தொடரலாம். நாளுக்கு ஐந்து என்று நிலைத்திருந்த எண்ணிக்கை ஏழாக உயர்ந்தால், அடுத்த சோதனைக்கு மருத்துவர் குறித்துத் தந்த தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.